பூட்டிய வீடா, பொட்டல் நிலமா, பத்து வீட்டு முற்றமா? செட்டிநாட்டில் பிராணிகள் காப்பகம் தொடங்க நினைப்பவர்களுக்கு

பள்ளத்தூரில் பூட்டிய வீடு ஒன்றின் திண்ணையில் வெள்ளைப் பொமரேனியன் நாய் ஒன்று பதினோரு நாள் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் தனியாக இருந்த ஆச்சி தவறிவிட்டார். காரியம் முடிந்து பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். நாயை யார் எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்திருக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள், அதோடு சரி. எதிர்வீட்டுக்காரர் தினமும் ஒரு பன் போட்டு வந்தார். நாங்கள் போனபோது இரண்டு காது மடலுக்குள்ளும் ஆமணக்கு விதை அளவுக்கு உண்ணிகள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு நிறம். தெருவில் கார் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நின்று பார்க்கும். அப்புறம் திரும்பவும் கதவை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

நாங்கள் மீட்டுத் தூக்கி வந்த பிராணிகளில் பல இப்படிப்பட்டவைதான். வீடு மூடப்படும்போது சாவி ஒருவரிடம் போகிறது, வெள்ளிப் பாத்திரம் ஒருவரிடம் போகிறது, நாய் தெருவுக்குப் போகிறது.

கடந்த சில வாரங்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார்கள். தேவகோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, நண்பர் தம் பூர்வீக வீட்டைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருக்கிறார். காரைக்குடி இளைஞர்கள் நால்வருக்குக் கல்லல் பக்கம் ஒரு ஏக்கர் கிடைக்கும்போல் இருக்கிறது. கோட்டையூரில் ஏற்கெனவே ஆறு நாய் வைத்திருக்கும் அக்கா ஒருவர், "காப்பகம் கட்டாமலே இதைச் செய்ய முடியாதா?" என்கிறார். எதை எடுப்பது என்று பார்ப்பதற்கு முன்னால், எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடலாம்.

அளவுகோல்கள்

முதல் அளவுகோல், யாருக்காகத் தொடங்குகிறோம் என்பது. வளர்த்துக் கைவிட்ட பிராணி வேறு, தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய் வேறு. சட்டமும் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெருநாய்களுக்கு 2023-ல் வந்த கருத்தடை விதிகள் இருக்கின்றன: பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை மட்டும் அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொல்லி 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இது உங்களையும் தொடும். நீங்கள் "காப்பகம்" என்று ஒரு பலகை மாட்டினால், "எங்கள் வளாகத்தில் 40 நாய் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு ஆள் வரும். முடியாது என்று சொல்ல முதல் நாளே எழுத்தில் ஒரு வரம்பு வேண்டும். ஊரில் திரியும் நல்ல நாயை எல்லாம் அள்ளி அடைப்பது காப்பகத்தின் வேலை இல்லை. கைவிடப்பட்டது, அடிபட்டது, கண் போனது, தாயில்லாத குட்டி: இவற்றுக்குத்தான் இடம்.

இரண்டாவது, வெளியே போகும் வழி. எத்தனை கூண்டு கட்டுவது என்று கேட்கிற அளவுக்கு இதை யாரும் கேட்பதில்லை. மாதம் 5 நாய் வந்து 3 தத்துப் போனால், ஆண்டு முடிவில் கையில் 24. மூன்றாம் ஆண்டு முடிவில் 72. உள்ளே வருவது நல்ல மனசால் நடந்துவிடும். வெளியே அனுப்ப உழைக்க வேண்டும். அந்த உழைப்பு இல்லாத இடத்தில் எத்தனை பெரிய கட்டடமும் இரண்டே ஆண்டில் நிரம்பிவிடும்.

மூன்றாவது, கை. ஒரு பிராணிக்குச் சுத்தம் செய்யவும் சாப்பாடு வைக்கவும் மட்டும் நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் என்று அமெரிக்கக் காப்பகங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. 30 பிராணி என்றால் ஏழரை மணி நேரம். அதாவது ஓர் ஆளுக்கு முழு வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கிடையாது. மருந்து கொடுப்பதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதும் இதில் சேராது.

நான்காவது, நோய். குட்டி நாய்களை வாரிக்கொண்டு போவது பார்வோ வைரஸ். ரத்தமாகப் பேதி போகும், இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நிழலான இடத்தில் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கும். சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் சாகாது, ப்ளீச் வேண்டும். (பினாயில் பூனைக்கு விஷம். வீட்டில் பூனை வைத்திருப்பவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.) ஆகவே எந்த இடமானாலும், புதிதாக வரும் பிராணியை 14 நாள் தனியாக வைக்க முடியுமா, தரையைக் கழுவி ப்ளீச் ஊற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக அக்கம்பக்கம். இதைத் தனியாக விளக்க வேண்டாம், கீழே தானாக வரும்.

வழி 1: பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு

மனசு முதலில் இங்கேதான் போகும். ஊருக்கு ஊர் அரண்மனை மாதிரி வீடுகள் சும்மா கிடக்கின்றன. நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் தாழ்வாரம், கனத்த சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். புது வரவைப் பின்கட்டு வழியாகவே உள்ளே எடுத்து, அங்கேயே தனியாக வைத்துவிடலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட வசதியான இடமே இல்லை.

ஆனால் அந்த வீடு யாருடையது? நண்பர் "எங்க வீடு" என்பார். அப்பச்சி காலத்தில் நாலு பங்கு, இப்போது பதினான்கு புள்ளி, அதாவது பதினான்கு குடும்பம், என்று இருக்கும். வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்காளி, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி. ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் கோலாலம்பூரில். அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் நீங்கள் உள்ளே போனால், ஆறாம் மாதம் யாராவது ஒருவர் வந்து வாசலில் நிற்பார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும். இன்னொன்று, பூட்டிய வீடு என்றாலும் அது சாமி வீடு. படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் குடும்பம் திரும்பி வரும் இடம். அந்த நான்கு நாளைக்கு 25 நாயை எங்கே கொண்டுபோவீர்கள்?

அடுத்து தரை. ஆத்தங்குடிக் கல் கையால் வார்த்த சிமெண்ட் கல். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கப் பளபளக்கும். அதன்மேல் தினமும் மூத்திரமும் ப்ளீச்சும் பட்டால் ஒரே வருஷத்தில் பூ அழிந்துவிடும். முட்டையும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய சுவரில் நாய் பிறாண்டினால் அதைத் திருப்பிப் பூச இன்று கொத்தனார் தேட வேண்டும். ஓடு மாற்றுவது, மழைக்காலத்தில் வளவில் தேங்கும் தண்ணீர், தேக்குக் கதவில் கரையான் எல்லாம் உங்கள் தலையில். வாடகை இல்லாத வீடு என்பது சும்மா கிடைத்த யானை மாதிரி, தீனிச் செலவு நம்முடையது.

நான் ஒருமுறை இப்படி ஒரு வீட்டின் மூன்றாம் கட்டில் ஒன்பது குட்டிகளை வைத்திருந்தேன். பார்வோ வந்தது. ஏழு போய்விட்டன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த வெடிப்பில் பழைய பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துக்கொண்டே அழுதது இன்னும் கையில் இருக்கிறது. அடுத்த ஆறு மாதம் அந்தக் கட்டில் குட்டியே வைக்கவில்லை.

இந்த வழி யாருக்குச் சரிவரும்: வீடு ஒரே ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். பின்கட்டை மட்டும், சிமெண்ட் பூசிய தரையோடு தர அவர் சம்மதிக்க வேண்டும். அதிலும் வயசான நாய்கள், பூனைகள் என்று பத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். பூனைகளுக்கு உண்மையிலேயே இது அருமையான இடம். வளவின் மேலே வலை அடித்துவிட்டால் போதும், குரைப்புச் சத்தம் என்ற புகாரும் வராது.

வழி 2: ஊருக்கு வெளியே நிலம்

சத்தம், நாற்றம், பங்காளி எதுவும் இல்லை. நமக்கு வேண்டியபடி சாய்தளம் விட்டுச் சிமெண்ட் தரை போடலாம், வாய்க்கால் எடுக்கலாம், நோய்ப் பகுதியைத் தனியே பிரிக்கலாம். 20 நாய்க்கு மேல் வைப்பது உறுதி என்றால் கடைசியில் இங்கேதான் வர வேண்டும்.

நிலத்தின் விலையைவிட அதைச் சுற்றி வரும் செலவுதான் பெரிது. இந்தச் செம்மண் பொட்டலில் கோடையில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை போட்டால் நாய்கள் வெந்துபோகும். கீற்றுக் கொட்டகை குளுகுளு என்று இருக்கும், ஆனால் உண்ணி குடியேறிவிடும், இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றவும் வேண்டும். உயரமாகத் தூக்கிக் கட்டிய ஓட்டுக் கூரையும் நாலு வேப்பமரமும் எனக்குப் பிடித்த ஏற்பாடு. மரம் வளரும்வரை பச்சை நிழல்வலை. போர் போட்டால் தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. வேலியைத் தரைக்கு மேலே மட்டும் கட்டினால் நாய் கீழே தோண்டி வெளியே போகும். போனால் முதலில் கண்ணில் படுவது பக்கத்துக் காட்டு ஆடு. நம் பக்கத்தில் ஒரு ஆடு செத்தால் அது வெறும் பண நஷ்டம் இல்லை, அந்தக் குடும்பத்தின் பள்ளிக்கூடப் பீஸ். ஒருமுறை அது நடந்தால் ஊர் உங்களை மன்னிக்காது. வேலியின் கீழ்ப்பகுதியை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைக்கும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இரவு யார் இருப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பாம்பு வரும், மின்சாரம் போகும், இரண்டு நாய் சண்டை போட்டு ஒன்றின் கழுத்து கிழியும். அங்கேயே தங்கும் குடும்பம் ஒன்று இல்லாமல் நிலக் காப்பகம் நடத்த முடியாது. அவர்களுக்கு வீடு, கழிப்பறை, சம்பளம் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு நாளைக்குச் சுமார் 150 கிராம் அரிசி, அதே அளவு கோழிக்கறி. 30 நாய்க்கு மாதம் 135 கிலோ அரிசி, 135 கிலோ கறி. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். "கல்யாண மண்டபத்தில் மிச்சம் நிறைய வருமே, அதை வாங்கிக்கொள்ளலாமே" என்று எல்லோரும் யோசனை சொல்வார்கள். நம் ஊர் விருந்துச் சாப்பாட்டில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு எது? இரண்டுமே நாயின் ரத்த அணுக்களை அழிப்பவை. மிளகாயும் எண்ணெயும் வயிற்றைக் கெடுக்கும், வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். வெள்ளைச் சோறு மட்டும் தனியாக எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதைக் கைகூப்பி மறுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாய்வார்த்தையை நம்பிக் கட்டடம் எழுப்பாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் பதிவு செய்தே ஆக வேண்டும். பத்து ஆண்டுக்குக் குறையாமல் எழுதி வாங்குங்கள், ஒரு நாயின் ஆயுளே அவ்வளவு இருக்கிறது.

இந்த வழி யாருக்குச் சரிவரும்: மாதாமாதம் நிச்சயமாக வரும் பணம் இருக்கிறது, தங்கியிருக்க ஆள் இருக்கிறது, அரை மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய கால்நடை டாக்டர் இருக்கிறார் என்றால். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் பொறுத்திருங்கள்.

வழி 3: காப்பகம் கட்டாமல், பத்து வீடுகள்

ரெஸ்க்யூ செய்பவர்கள் இதை "ஃபாஸ்டர்" என்பார்கள். ஒரு வீடு ஒரு நாயை இரண்டு மாதம் வைத்துப் பார்த்துக்கொள்ளும். மருந்தும் தடுப்பூசியும் குழுவின் செலவு. நல்ல வீடு கிடைத்ததும் தத்து. என் ஓட்டு இதற்குத்தான். காரணம் ஒன்றே ஒன்று: வீட்டில் இருக்கும் நாய் சீக்கிரம் தத்துப் போகிறது. கூண்டில் இருபதோடு இருபத்தொன்றாகக் குரைக்கும் நாயைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வீட்டில் இருந்தால், "குழந்தைகிட்ட சாதுவா இருக்கு, இடிக்குப் பயப்படும், கருவாட்டு வாசனை வந்தா அடுப்படியை விட்டு நகராது" என்று சொல்ல முடிகிறது. எடுக்க வருபவர் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்.

மறைந்திருக்கும் சிரமங்களும் உண்டு. தை பிறந்தால் பாதி வீடு பழனிக்குப் பாதயாத்திரை போய்விடும். கோவில் கும்பாபிஷேகம், மகள் பிரசவம் என்று அழைப்பு வந்தால் நாயைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால் பத்து வீடு வேண்டும் என்றால் பதினைந்து வீட்டைப் பேசி வைக்க வேண்டும். பெரிய நாயை, கடிக்கிற நாயை யாரும் வாங்கமாட்டார்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். பாசம் வைத்து அங்கேயே நிறுத்திக்கொண்டால் நாய்க்கு நல்லது, ஆனால் உங்களுக்கு ஒரு ஃபாஸ்டர் வீடு குறைந்துவிட்டது. தடுப்பூசி போடாத குட்டி இருக்கும் வீட்டில் புதியதை விடவே கூடாது. புது வரவுக்கு 14 நாள் தனியறை என்ற கட்டாயம் இங்கும் உண்டு. அதற்கு யாராவது ஒருவர் வீட்டுப் பின்புறம், சிமெண்ட் தரையோடு இரண்டு சின்ன அறை போதும்.

இதோடு சேர்த்து நாங்கள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் ஆச்சிமார், ஐயாமாரிடம் இப்போதே போய், "ஆச்சி, உங்களுக்கு முடியாமப் போனா இதை யார் பார்த்துக்குவா?" என்று கேட்டு, ஒரு பெயரும் போன் நம்பரும் ஒரு தாளில் எழுதி வாங்குகிறோம். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஆச்சி, "இதைக் கேக்க ஒருத்தரும் வரலியேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி, நாயின் தடுப்பூசிச் சீட்டை சாமி அறையில் இருந்து எடுத்து வந்து காட்டினார். அந்தத் தாள் இருக்கும் வீடுகளில் இருந்து இதுவரை ஒரு நாய்கூடத் தெருவுக்கு வரவில்லை.

தத்துக்கு ஆள் தேட நம் ஊரிலேயே வழி இருக்கிறது. வைரவருக்கு வாகனம் நாய். வைரவன்பட்டியிலும் மற்ற வைரவர் சன்னிதிகளிலும் தேய்பிறை அஷ்டமிக்கு வருபவர்கள் நாயை வெறுப்பவர்களாக இருக்கமாட்டார்கள். கூட்டத்துக்குள் நாயைக் கொண்டுபோகாமல், படம் போட்ட நோட்டீஸ் மட்டும் கொடுங்கள்.

தெருவிலேயே குட்டிகள் பெருகினால்

வருவதில் பெரும்பகுதி தெருக்குட்டிகள் என்றால், மேலே சொன்ன மூன்றுமே ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். நாய்க்குக் கர்ப்பகாலம் 63 நாள், ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூட வரும். அதற்குக் கருத்தடை ஒன்றே வழி. அந்தப் பொறுப்பு 2023 விதிப்படி உள்ளாட்சியுடையது. அதை எடுத்துச் செய்யும் அமைப்புக்கு விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அறுவை அரங்கு, வண்டி, டாக்டர், அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் பராமரிப்பு என்று அது தனி வேலை. தொடக்கத்திலேயே அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் மனுக் கொடுத்து, பிடிக்கும் நாளில் தெருவை அடையாளம் காட்டும் துணையாக நில்லுங்கள்.

| | பூர்வீக வீடு | வெளி நிலம் | பத்து வீடுகள் |
|---|---|---|---|
| எத்தனை பிராணி | 10-க்குள், பூனைக்கு உகந்தது | 20-க்கு மேல் | வீட்டுக்கு ஒன்று |
| தொடங்கும் செலவு | குறைவு போலத் தெரியும் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| தெரியாமல் வரும் செலவு | ஓடு, தரை, பங்காளித் தகராறு | வேலி, தண்ணீர், தங்கும் குடும்பம் | திருப்பி வரும் நாய், போன், பெட்ரோல் |
| நோய் பரவல் | வெடிப்பில் கிருமி தங்கும் | திட்டமிட்டால் அடக்கலாம் | ஒரு வீட்டோடு நிற்கும் |
| தத்துப் போவது | நடுத்தரம் | மெதுவாக | வேகமாக |
| நிறுத்த நேர்ந்தால் | பத்து நாய்க்கு இடம் தேட வேண்டும் | பெருஞ்சிக்கல் | சமாளிக்கலாம் |

பணமும் பதிவும்

அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதிப் பதியலாம், சிலரே போதும். சங்கம் என்றால் தமிழ்நாட்டின் 1975 சட்டப்படி குறைந்தது 7 பேர், ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல். என்னைக் கேட்டால் சங்கம். ஒருவர் படுத்துவிட்டால் வேலை நிற்காது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தம் பணம் அனுப்புகிறேன் என்பார்கள். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு மத்திய அரசின் தனிப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். அந்தப் பதிவு கேட்க, அமைப்பு மூன்று ஆண்டு நடந்து, அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். ஆகவே முதல் மூன்று ஆண்டு இங்கே இருப்பவர்கள், இந்தியக் குடிமக்கள் தரும் பணத்தில் நடக்கும் அளவுக்கே திட்டம் போடுங்கள்.

மூவருக்கும் என் பதில்

தேவகோட்டை ஐயாவுக்கு: பங்காளிகள் எத்தனை பேர் என்று நண்பரிடம் கேளுங்கள். வீடு அவர் ஒருவர் பெயரில் மட்டும் இல்லை என்றால் வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, அதே நண்பரிடம் ஒரு நாயின் ஓராண்டுச் செலவைக் கேளுங்கள், தருவார்.

காரைக்குடித் தம்பிகளுக்கு: நிலத்தை விட்டுவிடாதீர்கள், கட்டவும் தொடங்காதீர்கள். இந்த ஆண்டு வேம்பும் புங்கனும் நடுங்கள். பக்கத்து ஆட்டுக்காரர்களோடு பழகுங்கள். அதற்குள் ஃபாஸ்டர் முறையில் 20 நாயைத் தத்துக் கொடுத்துக் காட்டுங்கள். கொடுத்துவிட்டால் நிலத்தில் அடித்தளம் போடலாம். உங்கள் நால்வரில் யாருக்காவது கடிக்கு முந்திய வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா? இல்லை என்றால் நாயைத் தொடும் முன் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோட்டையூர் அக்காவுக்கு: முடியும் அக்கா. ஆனால் உங்கள் வீட்டு ஆறோடு ஏழாவதைச் சேர்க்காதீர்கள். நீங்கள் நாய் வைத்திருக்கும் வீடாக இருப்பதைவிட, வீடு பேசிக் கொடுப்பவராக இருப்பதுதான் இப்போது தேவை. அந்தப் பொமரேனியனும் உங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. ஈறு சிவந்துவிட்டது, உண்ணிக் காய்ச்சல் மருந்து முடிந்துவிட்டது. கார் சத்தத்துக்கு இன்னும் எழுந்து நிற்கிறது. அதற்கு ஒரு வீடு வேண்டும்.